ஆயிரம் மீட்டர் வெளிச்சம்

பெட்டியின் மேல் ஆயிரம் மீட்டர் என்று போட்டிருந்தது. ஆயிரம் மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டர். ஆமத்தூர் ரோட்டிலிருந்து எங்கள் ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் நின்று அந்த டார்ச்சை அடித்தால், கண்மாய்க் கரை முழுவதையும் தாண்டிப் போய் என் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாயின் கண்ணில் வெளிச்சம் விழ வேண்டும். விழுந்ததா என்று கேளுங்கள். என் செருப்புக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு அடியில் நீலமாக ஒரு வட்டம் விழுந்தது. அதற்கு அப்பால் எப்போதும் இருக்கிற இருட்டுதான்.

இதைச் சொன்னால் எங்கள் செட்டுப் பெண்களுக்குச் சிரிப்பு வரும். மாரிக்கு எதைக் கொடுத்தாலும் நொட்டைதான் என்பார்கள். சொல்லட்டும். முத்துமாரியம்மாள் என்ற முழுப் பேரும் எங்கள் கம்பெனியில் நொட்டை என்பதற்கு இன்னொரு பேராக ஆகி ரொம்ப நாளாகிறது. சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பவள் நான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, பெட்டிமேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. டார்ச்சுப் பெட்டியைப் பார்க்கும்போது மட்டும் அந்தப் புத்தியைக் கழற்றி எங்கே வைப்பது?

டார்ச் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்ததும் நான்தான். எனக்காக இல்லை, அய்யம்மாள் மதினிக்காக. மதினி என் அண்ணன் காளிராஜின் மனைவி. எங்கள் கம்பெனியில் சரவெடி பின்னுவதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. நான் பிறந்ததும் வாக்கப்பட்டதும் ஒரே ஊர் என்பதால், அவளும் நானும் வருஷக்கணக்காக ஒரே வேனில் ஒரே சீட்டில் போய்வந்தவர்கள். மற்ற மாதங்களில் பொழுது இருக்கும்போதே வீடு வந்துவிடுவோம். தீபாவளி சீசனில் அது நடக்காது. வேன் ஊர் ஊராக ஆளை இறக்கிவிட்டு எங்கள் விலக்குக்கு வரும்போது நன்றாக இருட்டியிருக்கும். அதற்குப் பிறகு கண்மாய்க் கரைமேல் நடை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கருவேல முள், நடுவில் ஒற்றையடிப் பாதை. முந்தின வருஷம் புரட்டாசியில் அந்தக் கரையில்தான் மதினியைக் கண்ணாடி விரியன் கடித்தது.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தாள். கால் வீக்கம் வடிந்துவிட்டது. மனசில் இருந்த பயம் வடியவில்லை. பொழுது சாய்ந்தால் வாசலைத் தாண்டமாட்டாள். வேலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அண்ணன் நிறுத்திவிட்டான். வருஷம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். வேனில் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரிச் சிரிக்கிறவள், நான் போனால் இரண்டு வார்த்தை பேசுவதற்கே யோசித்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவளே சொன்னாள்.

"வேன்ல ஏறி நாலு பேரோட பேசிட்டு வந்தாத்தான் மாரி, நானும் ஒரு மனுசின்னு எனக்கு நெனப்பு வருது. கையில நல்ல வெளிச்சம் ஒண்ணு இருந்தா வந்துருவேன்."

வெளிச்சத்துக்கு நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டேன். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதா என்ன?

அது இரண்டாயிரத்து எட்டாம் வருஷம். கரண்டு எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. குண்டு பல்பு போட்ட பழைய டார்ச் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஆனால் அது பேட்டரிக் கட்டையைத் தின்று தீர்த்துவிடும் என்பதால் பாதி நாள் பரணில்தான் கிடக்கும். எல்.இ.டி. டார்ச் என்று புதுசாக வந்திருக்கிறது, கட்டை ரொம்ப நாள் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்களுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுப்பார். இந்த வருஷம் பாத்திரம் வேண்டாம், கரையில் நடக்கிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு டார்ச் கொடுங்கள் என்று போய்க் கேட்டேன். அண்ணாச்சி உடனே சரி என்றார். நல்ல மனுஷர். எந்த டார்ச் என்பதை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். கெட்டது அங்கேதான்.

போர்மேன் நாகையா அண்ணன் மதுரையிலிருந்து நாலு தினுசு டார்ச் சாம்பிள் வாங்கிவந்தார். எங்கள் கம்பெனியில் புது வெடிக்குச் சாம்பிள் பார்க்கிற முறை ஒன்று உண்டு. வேலை முடிந்து பொழுது மசங்கும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே பொட்டலுக்குப் போவோம். நாகையா அண்ணன் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார். மேலே போகும், பளிச்சென்று விரியும், அணையும். கண் மூடித் திறப்பதற்குள் நல்லது நொள்ளை தெரிந்துவிடும். அடுத்தது. வெடிக்கு அவ்வளவு பார்த்தால் போதும். அது வாழ்வதே அவ்வளவு நேரம்தானே.

டார்ச்சையும் அதே பொட்டலில் அதே மாதிரிதான் பார்த்தார்கள். நாகையா அண்ணன் ஒன்றை எடுத்து எதிர்ச் சுவரில் ஒரு அடி அடித்தார், அணைத்தார், அடுத்ததை எடுத்தார். வெள்ளி நிறத்தில், முகத்தில் ஒன்பது குட்டி பல்போடு ஒன்று இருந்தது. அதை அடித்ததும் சுவர் பளீரென்று வெளுத்தது. வானவெடிக்குக் கத்துகிற மாதிரி எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அதன் பெட்டியில்தான் ஆயிரம் மீட்டர், ஒரு லட்சம் மணி நேரம் என்று போட்டிருந்தது. கடைசியாக மஞ்சள் பிளாஸ்டிக்கில் தடியாக ஒன்று வந்தது. முகத்தில் ஒரே ஒரு பல்பு. அதன் வெளிச்சம் சுவரில் சாதாரணமாக விழுந்தது. பெட்டியில் முப்பது மீட்டர், இருபது மணி நேரம் என்றிருந்தது. முப்பது மீட்டர் ஒரு கரண்டு கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குக்கூடக் காணாதே என்று எங்கள் ஊர்ப் பொன்மணி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

நான் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். வெள்ளி டார்ச்சுக்குள் டி.வி. ரிமோட்டில் போடுகிற மாதிரி சுண்டுவிரல் கட்டை மூன்று. மஞ்சள் டார்ச்சுக்குள் பழைய குண்டுக் கட்டை இரண்டு. சுண்டுவிரல் மூன்றும் சேர்ந்து ஒன்பது பல்புக்குச் சோறு போட வேண்டும். குண்டன் இரண்டு பேர் ஒரே ஒரு பல்புக்குப் போட்டால் போதும். எந்த வீட்டில் சோறு மிஞ்சும் என்பதற்குப் படிப்பா வேண்டும்? அதோடு லட்சம் மணி நேரத்தை நாளாக்கி, நாளை வருஷமாக்கிப் பார்த்தால் பதினோரு வருஷத்துக்கு மேலே வருகிறது. இன்றைக்குப் போட்டால் என் மகள் கல்யாணம் முடிந்து பேரன் பள்ளிக்கூடம் போகிறவரை எரியுமாம். கொஞ்சமாகச் சொல்கிறவன் கொஞ்சமாகத்தான் பொய் சொல்லியிருப்பான் என்றேன். நாலையும் ராத்திரி எரியவிட்டுக் காலையில் பார்ப்போம் என்றும் சொன்னேன்.

"ஏ மாரி, வெடியப் போட்டுட்டு விடிய விடியவா பாத்துக்கிட்டு இருப்ப?" என்றார் நாகையா அண்ணன்.

கை தூக்கச் சொன்னார்கள். மஞ்சளுக்கு என் கை ஒன்றுதான். எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. இவர்கள் எல்லாரும் யார்? ஆயிரம் வாலா சரத்தைத் தங்கள் கையால் பின்னி, தங்கள் கையால் சுற்றி, தங்கள் கையால் பெட்டியில் வைக்கிறவர்கள். எங்கள் ஆயிரம் வாலாவில் எண்ணி ஆயிரம் இருக்காது என்பது இவர்கள் விரலுக்கே தெரியும். நம் பெட்டியை நம்பாதவர்கள் எவனோ போட்ட பெட்டியை நம்புகிறார்கள். சொன்னால் நான் நொட்டை.

வெள்ளி டார்ச் கைக்கு வந்த அன்று வீட்டில் கரண்டு இல்லை. உலை வைக்கும்போது அதைப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தேன். அடுப்படி பகல் மாதிரி இருந்தது. இப்போது என்ன சொல்லப் போகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். உலையில் அரிசியைப் போட்டேன். சாப்பிட்டுக் கை கழுவும்போது வெளிச்சம் நீலம் பாரித்திருந்தது. பாய் விரிக்கும்போது பாயின் ஓரம் எங்கே முடிகிறது என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது. காலையில் எழுந்து பார்த்தால் ஒன்பது பல்பும் மின்மினிப் பூச்சி மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தன. எரிகிறது என்று சொல்லலாம். ஒன்றும் தெரியாது என்றும் சொல்லலாம்.

அதை எடுத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே நின்ற நாகையா அண்ணனிடம் போனேன். அவர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, லட்சம் மணி நேரம் என்றது பல்பின் ஆயுசு, பேட்டரியின் ஆயுசு இல்லை என்று விளக்கம் சொன்னார்.

"பேட்டரி செத்த பெறகு பல்பு உசுரோட இருந்து என்ன செய்யும்ணே, ஒப்பாரி வைக்குமா?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். விடாமல் அண்ணாச்சியிடமே போனேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும். நீங்களெல்லாம் கை தூக்கித்தானே வாங்கினேன் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நீ பெட்டி போடுற ஆயிரம் வாலாவுல ஆயிரம் இருக்கா? வெடிச்சிட்டு எவனாவது எண்ணிப் பாத்து, கொறையுதுன்னு வந்து நின்னானா? இதெல்லாம் பேருக்குப் போடுறதும்மா."

இதற்குப் பதில் எனக்கு வேனில் திரும்பி வரும்போதுதான் வந்தது. வெடியில் நூறு குறைந்தால் சத்தம் குறையும், அவ்வளவுதான். கரையில் வெளிச்சம் குறைந்தால் கால் போகும், உயிர் போகும். இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு எல்லாப் பதிலும் வேனில்தான் வரும்.

இதற்குள் மதினி வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். ஆயிரம் மீட்டர் என்று கேட்டதும், பெட்டியைக்கூடப் பார்க்காமல் அண்ணனே சம்மதித்துவிட்டான். முதல் நாள் வேனில் பழையபடி என் பக்கத்தில் உட்கார்ந்து, டிரைவர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் டார்ச்சைப் பற்றி அவளிடம் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கரையைக் கடக்கிற நேரம் கொஞ்சம்தானே, அதற்குத் தாங்கும், கட்டையை அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். கரையில் அவள் முன்னால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை.

எனக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. மதினி பெட்டியில் போட்டிருந்ததை அப்படியே நம்பிவிட்டாள். லட்சம் மணி நேரம் எரிகிறதை அணைப்பானேன் என்று, கரண்டு போகும்போதெல்லாம் தலைமாட்டில் போட்டு வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். விரியன் கடித்த பிறகு இருட்டில் அவளுக்குத் தூக்கம் வராது. அவளைக் குறை சொல்ல முடியுமா? எழுதியிருந்ததை நம்பினாள். எழுதுவது நம்புவதற்குத்தானே.

மூன்றாம் நாள் கரையில் பாதி தூரம் வந்ததும் அவள் கையிலிருந்த வெளிச்சம் சுருங்கியது. தட்டிப் பார்த்தாள். இன்னும் சுருங்கியது. என் டார்ச் ஏற்கெனவே செத்து, கட்டை மாற்றாமல் வீட்டில் கிடந்தது. பின்னால் வந்த பொன்மணி தன்னுடையதைப் போட்டாள். அதுவும் மின்மினிதான். அந்த நேரம் முள்ளுக்குள் என்னவோ சரசரத்தது. ஓணானாக இருக்கும், எலியாக இருக்கும். மதினி என் கையைப் பிடித்தாள். நகம் சதைக்குள் இறங்கியது.

"ஒரு எட்டுக்கூட வைக்கமாட்டேன் மாரி. என்னைய விட்ரு."

தரையை மிதித்துச் சத்தம் கொடுத்தேன், கையைத் தட்டினேன், நான் முன்னால் போகிறேன் என்றேன், தூக்கிக்கொண்டு போகிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. நின்ற இடத்திலேயே காலை இடுக்கிச் சேர்த்துவைத்துக்கொண்டு நின்றாள். பொன்மணி ஒருவழியாகத் தட்டுத்தடுமாறி ஊருக்குப் போய்ச் சொல்லி, அண்ணன் சைக்கிளில் வந்தான். டைனமோ விளக்கு கரைமேல் வருவதைப் பார்த்த பிறகுதான் என் கையை விட்டாள். அண்ணன் அவளைக் கேரியரில் உட்காரவைத்துக்கொண்டு ஊருக்கு மிதித்தான்.

மதினியின் வெளிச்சத்துக்குப் பொறுப்பு என்றவள் நான். கோபத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குப் போய், அந்த டார்ச்சுப் பெட்டியை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இதைப் படித்துத்தானே ஏமாந்தோம் என்று அவன் முன்னால் தூக்கிப் போட்டேன். அண்ணன் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் வேலை பார்க்கிறவன். குனிந்து எடுத்தான். அடியில் அச்சாபீஸ் பேர் போட்டிருந்த சின்ன எழுத்தைப் பார்த்தான். அத்தனை வருத்தத்திலும் அவன் முகம் ஒரு நொடி மலர்ந்ததை நான் பார்த்தேன்.

"இது நாங்க அடிச்ச பெட்டிதான். மொதல்ல டார்ச் கம்பெனிப் பார்ட்டி ஐந்நூறு மீட்டர்னுதான் குடுத்தாக. வேற ஒருத்தன் எழுநூறுன்னு போட்டுட்டான்னதும் ஆயிரமா மாத்தச் சொல்லிட்டாக. அதுக்குன்னு தனியாப் புது அச்சுப் பிளேட் போட்டோம்."

"டார்ச்சையும் மாத்துனாகளா?"

"டார்ச்ச நாங்க எங்க பாத்தோம்? எங்களுக்கு வந்தது பெட்டி ஆர்டர்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. பெட்டியைக் கீழே வைத்துவிட்டான். உள்ளே மதினி அரிக்கேன் விளக்கை ஏற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடித்த காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நாங்கள் பேசியது எல்லாம் அவள் காதில் விழுந்தது.

மறுநாள் வேனில் என் பக்கத்து சீட் காலியாக வந்தது. கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் சங்கையா அண்ணன் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி, செல்போன், டார்ச் எதுவும் உள்ளே போகக் கூடாது என்பதால் எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அவர் மடியில் அந்த மஞ்சள் டார்ச் கிடந்தது. யாருக்கும் வேண்டாத சாம்பிள் என்று நாகையா அண்ணன் அவரிடம் தள்ளிவிட்டிருக்கிறார். எப்படி எரிகிறது என்று கேட்டேன். ராத்திரி ரோந்து முழுக்க இதுதான், உள்ளே இருந்த கட்டையை இன்னும் மாற்றவில்லை என்றார். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. நான் சொன்னது சரி. அதனால் யாருக்கு என்ன லாபம்?

ஞாயிற்றுக்கிழமை விருதுநகர் பஜாருக்குப் போய் அதே மஞ்சள் டார்ச்சைத் தேடி வாங்கினேன். நாலு கடை ஏறினேன். முப்பது மீட்டர் என்று போட்டிருப்பதால் யாரும் கேட்பதில்லை என்று அடுக்கில் தூசியோடு கிடந்தது. கட்டை போட்டு எரியவைத்தேன். பொழுது அடைந்ததும் மதினி வீட்டுக்குப் போய், தெருக் கோடியில் நின்று அவள் வாசலில் அடித்தேன். வாசல், வாசலில் கிடந்த செருப்பு, கதவில் போட்ட மஞ்சள் குங்குமம் எல்லாம் தெரிந்தன. அப்படியே அணைக்காமல் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். மதினி டார்ச்சைப் பார்க்கவில்லை. பெட்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள்.

"ஆயிரம்னு போட்டதே பாதிக் கரைக்கு வரல. இதுல முப்பதுன்னுதான போட்டிருக்கு மாரி. இது எம்புட்டு எரிஞ்சிரும்?"

இது உண்மையைச் சொல்கிறது மதினி, அது பொய் சொன்னது என்றேன். கட்டையைக் கழற்றிக் காட்டினேன். சங்கையா அண்ணன் கதையைச் சொன்னேன். வெளிச்சத்தை மறுபடி சுவரில் அடித்துக் காட்டினேன். அவள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்தாள். புதுசில் எல்லாம் இப்படித்தான் எரியும் என்று சொல்லி டார்ச்சை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, தீப்பெட்டி லேபிளையும் பசைக் கிண்ணத்தையும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

நான் பிடிவாதக்காரி. பழசானாலும் எரியும் என்று காட்டாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் வேனிலிருந்து இறங்கி, விலக்கிலிருந்து கரை முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நடந்து, நேராக மதினி வாசலுக்குப் போய், அவள் பார்க்கிற மாதிரிச் சுவரில் ஒரு தடவை அடித்துக் காட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்குப் போனேன். அவள் நிமிர்ந்து பார்ப்பாள், சாப்பிட்டாயா என்று கேட்பாள், மறுபடி குனிந்துகொள்வாள். தீபாவளிக்கு முந்தின நாள் வரை காட்டினேன். கட்டையை ஒரு தடவைகூட மாற்றவில்லை, வெளிச்சம் குறையவும் இல்லை. மதினி வேலைக்கு வரவில்லை.